தொலைபேசி ஆங்கிலமும் ஊவாத் தோட்டங்களும்

ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களில் தொலைபேசி என்பது நீண்ட காலம் துரை பங்களாவிலும் தோட்டக் காரியாலயத்திலும் மாத்திரம் இருந்த ஒரு பொருளாகும். லயத்தில் வாழ்ந்தோருக்குக் கடிதங்கள் காரியாலயத்தின் ஊடாகவே வந்து சேர்ந்தன. அவசரச் செய்தியெனில் தந்தி வரும். தந்தி வந்தால் அதனைப் பிரித்துப் படிப்பதற்கு முன்னரே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். பின்னர் பதுளை, பண்டாரவளை, பசறை, அப்புத்தளை போன்ற நகரங்களில் 'கொமியூனிகேஷன்' எனப் பெயர்ப்பலகை தாங்கிய கடைகள் தோன்றின. வெளிநாடு சென்ற மகளின் அழைப்புக்காகக் குடும்பத்தினர் அக்கடைகளின் வாயிலில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. கைத்தொலைபேசி மலையேறிய பின்னர் அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. எனினும் அழைப்பதற்கான கருவி கைக்கு வந்த வேகத்தில், அழைத்துப் பேசுவதற்கான மொழி எமது இளைஞர்களின் வாய்க்கு வந்து சேரவில்லை என்பதைக் கவலையுடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

இங்கே ஒரு விடயத்தை முதலில் தெளிவுபடுத்திவிடுதல் நன்று. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் ஓர் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் கூறுகின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமும் 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தமும் இந்நிலைக்கு வழிவகுத்தன. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டில் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். ஆகவே அரச அலுவலகம் ஒன்றைத் தொலைபேசியில் அழைக்கும் தோட்டத் தொழிலாளி தமிழிலேயே பதில் பெற உரித்துடையவர். ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள் என்று கூறி அந்த உரிமையை ஒத்திவைப்பதற்கு எவருக்கும் இடமளிக்கலாகாது.

ஆனால் வாழ்க்கை அரச அலுவலகத்துடன் முடிந்துவிடுவதில்லை. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனம், எல்ல, பண்டாரவளைப் பகுதிகளின் சுற்றுலா விடுதிகள், வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, வெளிநாட்டுத் தூதரகம், வளைகுடா நாடொன்றில் வேலை வழங்குபவர் ஆகிய இடங்களில் மறுமுனையில் இருப்பவர் தமிழ் அறிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. அரச அலுவலகத்திலுங்கூட, தமிழ் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் விடுமுறையில் இருக்கும் நாளில் இணைப்பு மொழியே கைகொடுக்க வேண்டியுள்ளது. தோட்டங்களில் இத்தகைய அழைப்பை மேற்கொள்ளும் பொறுப்பு, க.பொ.த. சாதாரண தரம் வரை படித்த ஒரு பிள்ளையின் தலையிலேயே விழுகின்றது. ஒரு லயத்தில் அத்தகைய பிள்ளை ஒன்று இருந்தால், அயல் வீட்டாரின் அலுவலும் அதற்குரியதே.

அந்தப் பிள்ளை மூன்றாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் படித்திருக்கும். பரீட்சையில் சித்தியும் பெற்றிருக்கலாம். ஆனால் அப்பரீட்சை எழுத்துப் பரீட்சையாகவே நடைபெற்று வந்துள்ளது. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகக் கற்பிப்பது பற்றிப் பேசப்பட்டது. பயிற்றுநர்கள் ஹைதராபாத்துக்கும் அனுப்பப்பட்டனர். எண்ணம் நல்லதே. எனினும் தாளில் வெற்றிடம் நிரப்பத் தெரிந்த மாணவர், மணி அடித்ததும் தொலைபேசியை அண்ணனிடம் நீட்டிவிடும் நிலை இன்னமும் மறையவில்லை.

நேரில் பேசும்போது முகமும் கையும் பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகின்றன. தொலைபேசியில் குரல் மாத்திரமே உண்டு. பழைய தொலைபேசி வலைப்பின்னல்கள் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளையே கடத்தும் வகையில் அமைக்கப்பட்டவை. 'எஃப்', 'எஸ்' ஆகிய எழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய ஒலிகள் அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதால், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோரும் தொலைபேசியில் அவற்றை மயங்கிக் கேட்பதுண்டு. நிலைமை இவ்வாறிருக்க, வினைச்சொல்லின் காலமும் பிழைத்துவிட்டால் கேட்பவருக்குப் பிடிமானம் எதுவும் இல்லாமற் போய்விடுகின்றது.

தோட்டங்களுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. 'பரேட்' என்பது 'பெரட்டு' ஆனதும் 'லைன்' என்பது 'லயம்' ஆனதும் நாம் அறிந்ததே. மறுபுறத்தில் வெள்ளைத் துரைமார் தமிழ் கற்றனர். அவர்களுக்கென 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபேர்கசன் அச்சகத்தார் வெளியிட்ட கைந்நூலின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். சின்னத்துரைமாருக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. பின்னர் வெல்ஸ் என்பவர் எழுதிய 'கூலித் தமிழ்' என்ற நூலும் அவர்களிடையே புழங்கியது. ஒரு மொழி நூலுக்கு ஏவல் வினையையே பெயராகச் சூட்டியிருப்பது, அந்நாளில் இரு மொழிகளும் எந்தத் தளத்தில் சந்தித்துக்கொண்டன என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது. ஏவலுக்குக் காலம் தேவையில்லை. வா, போ, எடு, வெட்டு என்றால் வேலை நடந்துவிடும்.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு காரியத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கின்றது. அங்கே ஏவல் வினை பெருந்தடையாகின்றது. தமிழில் 'டொக்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்' என்றால் அது மரியாதையான வேண்டுகோள். மரியாதை முழுவதும் அந்த 'உங்கள்' விகுதியில் அடங்கியிருக்கின்றது. அதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'கோல் த டொக்டர்' என்றால், விகுதி வழியில் உதிர்ந்துவிட, அதிகாரத்தொனி மாத்திரம் எஞ்சுகின்றது. பேசிய பிள்ளை பணிவுடனேயே பேசியது. கேட்டவருக்கோ அது கட்டளையாகக் கேட்டது. 'ப்ளீஸ்' என்று ஒட்டவைப்பதனால் மாத்திரம் இக்குறை முழுவதும் தீராது.

ஆங்கிலம் மரியாதையைக் காலத்தில் வைத்திருக்கின்றது. 'கேன்' என்பதிலும் 'குட்' பணிவானது. 'வில்' என்பதிலும் 'வுட்' பணிவானது. 'குட் ஐ ஸ்பீக் டு த டொக்டர்' என்பதே நாம் நாடும் வாக்கியம். 'ஐ வொன்ட்' என்பதற்குப் பதிலாக 'ஐ வொன்டட் டு ஆஸ்க்' என்று இறந்த காலத்தில் கூறும்போது வேண்டுகோள் ஓரடி பின்வாங்கி நின்று பேசுவதாகின்றது. இது எமக்கு அந்நியமான வழக்கமும் அன்று. 'உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது' என்று நாமும் பெரியவர்களிடம் இறந்த காலத்திலேயே தொடங்குகின்றோம். இந்த ஒப்புமையை வகுப்பில் ஒருமுறை எடுத்துக்காட்டினால், 'குட்', 'வுட்' என்பன மனப்பாடச் சுமையாக இராமல் மாணவரின் பழக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

காலங்களின் மயக்கம் தமிழ் இலக்கணம் அறியாத ஒன்றன்று. விரைவைக் குறிக்குமிடத்து வரப்போகும் செயலை இறந்த காலத்தாற் கூறலாம் என்று தொல்காப்பியர் இடமளித்துள்ளார். நன்னூலாரும் விரைவு, மிகுதி, தெளிவு ஆகியவற்றின் பொருட்டுக் காலங்கள் தம்முள் பிறழ்ந்து வருதலை ஏற்கின்றார். பாடசாலைகளில் இதனைக் கால வழுவமைதி என்று கற்பிக்கின்றோம். பசறையிலிருந்து பஸ் இன்னும் புறப்படவில்லை. அதற்குள் இருப்பவரோ தொலைபேசியில் 'இதோ வந்துவிட்டேன்' என்கின்றார். கேட்பவருக்கும் அதன் பொருள் நன்கு தெரியும். இதனையே 'ஐ ஹேவ் கம்' என்று ஆங்கிலத்தில் நேர்முகப் பரீட்சை நடத்தும் அதிகாரியிடம் கூறினால், அவர் வாசலில் எட்டிப் பார்ப்பார். 'ஐ ஆம் ஒன் மை வே' என்பதே அங்கு உரிய தொடர். தொல்காப்பியர் தந்த சலுகையை ஆங்கிலம் ஏற்பதில்லை.

எதிர்காலத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. தமிழின் எதிர்கால வினை வழக்கத்தையும் குறிக்கும். 'துரை எட்டு மணிக்கு ஆபீசுக்கு வருவார்' என்பது தினசரி வழக்கமாகவும் இருக்கலாம், நாளைய செய்தியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் வழக்கம் நிகழ்காலத்துக்குரியது: 'ஹி கம்ஸ் அட் எய்ட்.' 'ஹி வில் கம் அட் எய்ட்' என்று கூறினால், கேட்பவர் இன்று அல்லது நாளை எட்டு மணிக்கென்றே விளங்கிக்கொண்டு அந்நேரத்துக்கு மீண்டும் அழைப்பார்.

இவற்றைவிட முக்கியமான இடம் ஒன்று உள்ளது. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம். தமிழில் 'கொடுக்கவில்லை', 'வரவில்லை' என்னும் எதிர்மறை வினை ஒரே வடிவத்தில் நின்று பல பொருள்களைத் தாங்குகின்றது. நேற்று வரவில்லை என்பதும் இன்னும் வரவில்லை என்பதும் வடிவத்தால் ஒன்றே. ஆங்கிலத்தில் முன்னது 'டிட் நொட் கம்', பின்னது 'ஹேஸ் நொட் கம்'. பாடசாலையில் 'டிட் நொட்' முதலிலேயே பழகிவிடுவதால் எமது பிள்ளைகள் இரண்டு இடங்களிலும் அதனையே பயன்படுத்துகின்றனர். வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்யும் தாய்க்கு மார்ச் மாதத்திலிருந்து சம்பளம் வழங்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். மகன் தொலைபேசியில் 'தே டிட் நொட் பே மை மதர் த்ரீ மன்த்ஸ்' என்கின்றான். மறுமுனையில் இருப்பவருக்கு அது எப்பொழுதோ நடந்து முடிந்த மூன்று மாத நிலுவையாகத் தோன்றலாம். 'ஷீ ஹேஸ் நொட் பீன் பெய்ட் சின்ஸ் மார்ச்' என்றால், அநீதி இன்றும் தொடர்கின்றது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே பதிவாகிவிடும். முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்படுவது கேட்பவர் விளங்கிக்கொண்டதே என்பதை மறந்துவிடலாகாது.

இதற்கு இலகுவான ஒரு வழி உண்டு. மனதில் தோன்றும் தமிழ் வாக்கியத்தில் 'இன்னும்' என்ற சொல் இயல்பாகப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வேண்டும். 'விட்டது', 'இருக்கிறது' என்று முடியும் வினைகளுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். 'வெளியே போயிருக்கிறார்' என்பது 'ஹி ஹேஸ் கோன் அவுட்.' ஆனால் நேற்று, போன வாரம், 10 மணிக்கு என்று நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ்' நீங்கிவிடும். 'ஐ ஹேவ் கோல்ட் யெஸ்டர்டே' என்பது படித்தவர்களிடமும் கேட்கும் பிழை. 'ஐ கோல்ட் யெஸ்டர்டே' என்பதே சரி.

'ஒன்பது மணியிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். ஆதலால் 'ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் நைன்' என்று சொல்லிவிடுகின்றோம். ஆங்கிலம் கேட்பது 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் நைன்' என்பதனை. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்', கழிந்த நேரத்தின் அளவைச் சொன்னால் 'ஃபோர்' என்பதும் இதனுடன் சேர்ந்த பாடம்.

உயிராபத்து நேரும் தருணத்தில் இவ்வேறுபாடுகள் இலக்கணப் புத்தகத்தை விட்டு வெளியே வருகின்றன. 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016ஆம் ஆண்டில் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அங்கே தமிழிலும் பேசலாம் என்பதனால் தமிழிலேயே பேச வேண்டும்; பதற்றத்தில் தாய்மொழியே துணை. ஆயினும் தனியார் வைத்தியசாலைக்கோ வேறு மாவட்டத்து வைத்தியருக்கோ ஆங்கிலத்தில் விளக்க நேரும்போது, 'ஷீ ஃபெயின்டட்' என்றால் மயங்கினார், இப்போது தெளிந்திருக்கலாம் என்று பொருள்படும். 'ஷீ இஸ் அன்கொன்ஷஸ்' என்றால் இக்கணமும் நினைவற்றுக் கிடக்கிறார் என்று பொருள். 'ஷீ ஹேஸ் பீன் ப்ளீடிங் ஃபோர் டூ அவர்ஸ்' என்பதில் இரத்தம் நிற்கவில்லை என்பதும் எவ்வளவு நேரமாக என்பதும் ஒருங்கே அடங்கியுள்ளன.

மண்சரிவும் அத்தகையதே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டதை ஊவா மக்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டது. நிலத்தில் வெடிப்புக் கண்டவர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐத் தமிழில் அழைக்கட்டும். தமிழ் விளங்காத ஒருவர் தொலைபேசியை எடுத்தால், 'க்ரெக்ஸ் ஹேவ் அப்பியர்ட், அண்ட் தே ஆர் கெட்டிங் வைடர்' என்று சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருக்கட்டும். முதல் வினை நடந்ததைச் சொல்கின்றது, இரண்டாவது வினை நடந்துகொண்டிருப்பதைச் சொல்கின்றது. விரைந்து வர வேண்டும் என்பதை உணர்த்துவது இரண்டாவதே.

இனி, ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தரும் தொடர்களுக்கு வருவோம். ஆங்கிலம் கற்போர் இவற்றைக் கண்டு மிரளுகின்றனர். மிரளத் தேவையில்லை. தமிழில் 'கண்டுபிடி' என்கின்றோம். அங்கே காண்பதையும் பிடிப்பதையும் தனித்தனியே எவரும் எண்ணுவதில்லை. 'ஹேங் அப்' என்பதும் அவ்வாறே. சுவரிற் பொருத்தப்பட்ட பழைய தொலைபேசியில் பேசி முடிந்ததும் செவிக்குழலைக் கொக்கியில் தொங்கவிட்டனர். அதனால் அழைப்பை முடித்தல் 'ஹேங் அப்' ஆயிற்று. இணைப்பகத்தில் பணியாற்றியவர் ஒருவரின் இணைப்புக் கயிற்றை மற்றவரின் துளையிற் செருகி இருவரையும் சேர்த்துவைத்தார். அதனால் இணைத்துவிடுதல் 'புட் த்ரூ' ஆயிற்று. கிரஹாம் பெல் 1876ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காலத்தை அடுத்துவந்த கருவிகள் நூதனசாலைக்குப் போய்விட்டன. அவற்றின் அசைவுகள் மாத்திரம் மொழியில் தங்கிவிட்டன. நாமும் இன்றுவரை 'போனை வை' என்றுதானே சொல்கின்றோம்?

'ஹேங் அப்' என்பதற்கு நேர்மாறானது 'ஹேங் ஒன்'. முன்னது துண்டித்தல், பின்னது காத்திருத்தல். வினை ஒன்றாக இருப்பதால், 'ஹேங் ஒன்' என்று கேட்டவுடன் தொலைபேசியை வைத்துவிடுவோர் உளர். 'ஹோல்ட் ஒன்' என்பதும் காத்திருக்கச் சொல்வதே. 'கெட் த்ரூ' என்பது இணைப்புக் கிடைத்தலைக் குறிக்கும்: 'ஐ குட் நொட் கெட் த்ரூ' என்றால் எடுத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்பதாகும். பேச்சு இடையில் அறுந்துவிட்டால் 'வீ வேர் கட் ஒஃப்' எனலாம். இந்தச் செயப்பாட்டு வினையில் யார் மீதும் குற்றமில்லை. எம்மவர் வழக்கில் 'யூ கட் த கோல்' என்று சொல்லும்போது, நீரே துண்டித்தீர் என்ற குற்றச்சாட்டு தோன்றிவிடுகின்றது. சமிக்ஞை அற்ற மலைச்சரிவில் நின்று பேசுபவர் அதிகாரி மீது பழி சுமத்துவது காரியத்துக்கு உதவாது.

இவ்விடத்தில் இலங்கைக்கே உரிய ஒரு வழக்கையும் கூற வேண்டும். நாம் 'கோல் எடுக்கிறேன்' என்றால் நான் அழைக்கிறேன் என்று பொருள். சிங்களத்திலும் இதே போக்கில் 'கன்னவா' என்ற வினை வழங்குகின்றது. இவ்விரண்டின் செல்வாக்கினால் இலங்கை ஆங்கிலத்தில் 'ஐ வில் டேக் எ கோல்' என்று அழைக்கப்போவதைச் சொல்வோர் பலர். நாட்டுக்குள் இது எல்லோருக்கும் விளங்கும். இதனை இழிவாகக் கருதவும் வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டவருக்கு அது வந்த அழைப்பை ஏற்பது என்றே பொருள்படும். எனவே அவர்களிடம் 'மேக் எ கோல்' அல்லது 'ஐ வில் கோல் யூ' என்பதே பாதுகாப்பானது.

இச்சிறு சொற்களை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு விதி உண்டு. என்னை, அவரை, உங்களை என்னும் பொருள் தரும் பெயர்ச்சொல் நடுவில் வர வேண்டும்: 'புட் மீ த்ரூ', 'கோல் ஹிம் பேக்'. 'கோல் பேக் ஹிம்' என்பது செவிக்கு நெருடும். 'லுக் இன்டு இட்' போன்ற சில தொடர்கள் பிரிவதில்லை. அவற்றைப் பழக்கத்தாலேயே அறிய வேண்டும்.

'கோல் ஒஃப்', 'புட் ஒஃப்' ஆகிய இரண்டும் வேலை தேடும் இளைஞர் எவரும் பிரித்தறிய வேண்டியவை. 'த இன்டர்வியூ ஹேஸ் பீன் கோல்ட் ஒஃப்' என்றால் நேர்முகப் பரீட்சை கைவிடப்பட்டது. 'கோல்' என்ற சொல் இருப்பதால் தொலைபேசிக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக எண்ணிவிடலாகாது. 'புட் ஒஃப்' என்றால் பிற்போடப்பட்டது. வேறொரு திகதி உண்டு. இரண்டாவதை முதலாவதாக விளங்கிக்கொள்ளும் இளைஞர் புதிய திகதியைக் கேட்காமலே தொலைபேசியை வைத்துவிட்டு, வேறு வேலை தேடப் போய்விடுவார். அந்த இழப்பை அவர் அறிந்துகொள்ளவும் மாட்டார்.

'வீ வில் கெட் பேக் டு யூ' என்ற தொடரை நிறுவனங்கள் பெரிதும் விரும்புகின்றன. இதன் பொருள் நாங்களே பின்னர் தொடர்புகொள்வோம் என்பது. எப்பொழுது என்பது அதில் இல்லை. தோட்டத்துப் பெற்றோர் இதனை உறுதிமொழியாக ஏற்று வாரக்கணக்கில் காத்திருக்கின்றனர். 'பை வென்' என்ற இரண்டே சொற்கள் இங்கே வேண்டும்: 'குட் யூ டெல் மீ பை வென்?' இக்கேள்வியில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அத்துடன் பேசுபவரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அடுத்த முறை அழைக்கும்போது, 'ஐ ஸ்போக் டு' என்று அப்பெயரைச் சொல்லித் தொடங்கினால் பேச்சு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பெயர், இலக்கம் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சொல்வதும் தனிக் கலை. பதுளையின் முதலெழுத்தும் பசறையின் முதலெழுத்தும் தமிழில் ஒன்றே. ஆங்கிலத்தில் அவை வேறு வேறு எழுத்துகள். தெமோதரைக்கும் தல்தெனைக்கும் இதே கதி. தமிழ் நெடுங்கணக்கில் இவ்வேறுபாடு இல்லாமையால் எமது நாவும் தடுமாறுகின்றது. தொலைபேசியும் அதனை மேலும் மங்கச் செய்கின்றது. அடையாள அட்டையிலுள்ள பெயர் ஓரெழுத்துப் பிழைத்ததனால் அலைக்கழிந்த தோட்ட மக்களுக்கு இதன் பாரதூரத்தை விளக்க வேண்டியதில்லை. அப்பிள், போல் என்று தொடங்கும் பாடப்புத்தக வரிசைக்குப் பதிலாக, ஊர்ப் பெயர்களைக் கொண்டே ஒரு வரிசையைப் பிள்ளைகள் அமைத்துக்கொள்ளலாம். பதுளையின் வலய இலக்கமான 055ஐ 'ஸீரோ டபிள் ஃபைவ்' என்று சொல்லவும், பதினைந்தையும் ஐம்பதையும் ஒலியழுத்தத்தால் வேறுபடுத்தவும் அதே வேளையில் பழகலாம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் தேவையில்லை. பதுளையில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சனிக்கிழமைகளில் அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து, ஒரு மணித்தியாலம் தொலைபேசி உரையாடல் நடத்தினாலே பெரும் பயன் விளையும். வகுப்பறையில் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, ஒரு மாணவரை உத்தியோகத்தராகவும் மற்றவரைத் தோட்டவாசியாகவும் அமர்த்தலாம். முகம் தெரியாமற் பேசும்போதுதான் தொலைபேசியின் சங்கடம் விளங்கும். முதல் சுற்றில் மெதுவாகவும், இரண்டாம் சுற்றில் உத்தியோகத்தர் அவசரத்தில் இருப்பது போலவும் பேசட்டும். மூன்றாம் சுற்றை மழை நாளொன்றுக்கு ஒத்திவைப்பது நல்லது. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கிடையே, 'குட் யூ ஸ்பீக் அப், ப்ளீஸ்?' என்ற வாக்கியத்தை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிராது.